நெஞ்சுத் தழும்போடு வளர்ந்தவர்கள்

2014 செப்டம்பரில் ‘ஐ’ படத்தின் பாடல் வெளியீட்டு விழாவுக்காக அர்னால்ட் ஷ்வார்ஸ்னெகர் சென்னை வந்தபோது, அவருடைய நெஞ்சில் 17 வயதான ஆபரேஷன் தழும்பு ஒன்று இருந்தது. அந்த ஆஜானுபாகு இதயக் குறையோடு பிறந்தவர். மகாதமனி வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டும், அவருக்கு இரண்டுதான். 1997-இல் முதல் அறுவை சிகிச்சை. அப்போது பொருத்திய நுரையீரல் தமனி வால்வு காலாவதியாகி, 2018-இல் வேறு வைத்தார்கள். 2020-இல் மகாதமனி வால்வும் மாறியது. பழைய வால்வு நிரந்தரமாக இருக்கட்டும் என்று வைக்கப்பட்டதே அல்ல என்று 2018-இல் அவர் தரப்பு வெளிப்படையாகவே அறிவித்தது.

நம் ஊரில் அந்த ஒரு வாக்கியத்தைப் பலரும் சொல்வதில்லை. சொன்னாலும் காதில் ஏறுவதில்லை. மூன்று வயதுப் பிள்ளையை ஐசியூவிலிருந்து உயிரோடு தூக்கிவரும் தாய்க்கு ‘ஓட்டையை அடைச்சாச்சு’ என்பது மட்டும்தான் கேட்கும். அதன்பின் பிள்ளை பள்ளிக்கூடம் போகும், ஓடியாடும், ஃபைல் பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விடும்.

இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதயக் குறையோடு பிறப்பதாக மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள். இவர்களில் சிறிய ஓட்டை காலத்தோடு அடைபட்டு, வேறு கோளாறு எதுவும் மிஞ்சாதவர்கள் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். மற்றவர்களுக்குக் கணக்கு வேறு.

‘ஃபாலோ’ எனப்படும் நான்கு குறைகள் சேர்ந்த நோயை எடுத்துக்கொள்வோம். அழும்போது உதடும் நகமும் நீலம் பாரிக்கும் குழந்தைகள் பலருக்கு இதுதான் காரணம். ஆபரேஷனில் கீழறைகளுக்கு நடுவிலுள்ள ஓட்டையை மூடி, நுரையீரலுக்குப் போகும் குறுகிய பாதையை அகலப்படுத்துகிறார்கள். அகலப்படுத்தும்போது பல குழந்தைகளுக்கு அங்கேயுள்ள வால்வைக் காப்பாற்ற முடிவதில்லை. வால்வு இல்லாததால், நுரையீரலுக்குப் போன ரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் வலது கீழறைக்கே திரும்பி வழிகிறது. பதினைந்து இருபது வருடம் அந்த அறை முணுமுணுக்காமல் தாங்கும். தாங்கித் தாங்கி வீங்கும். பிறகு மாடிப்படியில் மூச்சு வாங்கும், திடீரென்று படபடப்பு வரும், சிலருக்கு மயக்கம். அரிதாகத் திடீர் மரணமும் உண்டு.

இங்கேதான் நிபுணர் தேவைப்படுகிறார். பக்கத்து ஸ்கேன் சென்டரின் எக்கோ ரிப்போர்ட்டில் ‘எல்.வி. ஃபங்ஷன் நார்மல்’ என்றிருக்கும். அது இடது கீழறை பற்றிய சேதி. ஃபாலோ ஆபரேஷன் ஆனவருக்குத் தொல்லை வலது பக்கம். அந்த அறை எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. தான் துல்லியமாகக் காட்டும். வீக்கம் கைமீறுவதற்குள் புது வால்வு வைத்துவிட்டால் இதயம் தேறிக்கொள்ளும். 2000-ஆம் ஆண்டிலிருந்து, பொருத்தமானவர்களுக்கு நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகவே வால்வு பொருத்தவும் வழி இருக்கிறது. பயமுறுத்த இதையெல்லாம் சொல்லவில்லை: பனிச்சறுக்குப் பலகையில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்கர் ஷான் ஒயிட், ஃபாலோவோடு பிறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்தான்.

ஒற்றைக் கீழறையோடு பிறந்து ‘ஃபான்டன்’ ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கல்லீரலையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். உடம்பிலிருந்து திரும்பும் ரத்தம் பம்ப் இல்லாமல் நேரே நுரையீரலுக்குப் போவதால், கல்லீரலில் ரத்தம் தேங்கி, வருடக்கணக்கில் தழும்பு ஏறுகிறது.

பெண்களின் நிலைமை இன்னும் சிக்கலானது. வரன் தேடும்போது தழும்பை மறைக்கிற வீடுகள் ஏராளம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிவிப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பெண் முடிவு செய்துகொள்ளட்டும். பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் மறைப்பது மட்டும் உயிரோடு விளையாடுவது. பலர் கவனிப்போடு சுகமாகப் பிள்ளை பெறுகிறார்கள். ஆனால், பெரிய ஓட்டை அடைபடாமலேயே போய் நுரையீரல் ரத்த அழுத்தம் எகிறிவிட்ட ‘ஐசன்மெங்கர்’ நிலையில் கர்ப்பம் தாயின் உயிருக்கே உலை வைக்கும். கர்ப்பம் தரிக்க வேண்டாம் என்றே வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. உலோக வால்வு உள்ளவர்கள் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரோடு பேசித் திட்டமிட வேண்டும். கருத்தடை மாத்திரையும் எல்லாருக்கும் ஒத்துவராது. சிலருக்கு அது ரத்தக்கட்டியை உண்டாக்கும்.

18 வயதில் கதவு ஒன்று சாத்தப்படுகிறது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம் பிறப்பிலிருந்து 18 வயதுவரைதான் பரிசோதித்துச் சிகிச்சைக்கு அனுப்புகிறது. குழந்தை இதய டாக்டர் ‘இனி பெரியவர்கள் பிரிவுக்குப் போங்கள்’ என்பார். அங்கே இருப்பவர் நாளெல்லாம் மாரடைப்பும் அடைப்பும் பார்ப்பவர். கனடாவின் கியூபெக் மாநிலத்தில், எல்லாருக்கும் அரசே மருத்துவச் செலவை ஏற்கும் இடத்திலேயே, இதயக் குறை உள்ளவர்களில் 61 சதவீதம் பேர் 18 வயதுக்குப் பின் இதய மருத்துவரிடம் போகவில்லை என்று 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. லண்டனில் ஜேன் சோமர்வில் இவர்களுக்கென்றே தனி வார்டு திறந்தது 1975-இல். நம்மிடம் அப்படிப்பட்ட கிளினிக்குகள் பெருநகரங்களின் சில பெரிய மருத்துவமனைகளோடு நின்றுவிடுகின்றன. அருகில் இல்லையென்றால், ஆபரேஷன் செய்த மருத்துவமனையிலோ குழந்தை இதயப் பிரிவு உள்ள மருத்துவக் கல்லூரியிலோ வருடம் ஒருமுறையாவது காட்டுவது நல்லது.

கையோடு கொண்டுபோக வேண்டியது ஆபரேஷன் குறிப்பு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தந்தாக வேண்டும். ஆனால், டாக்டர்கள் அவற்றைப் பாதுகாக்க வேண்டிய காலம் அதே விதியில் 3 ஆண்டுகள்தான். 1998-இல் நடந்த ஆபரேஷனின் குறிப்பை இன்று தேடிப்போனால் கைவிரிக்க வாய்ப்பு அதிகம். அண்மையில் ஆபரேஷன் முடித்த குழந்தையின் பெற்றோர் டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்திப்படாமல், முழு ஆபரேஷன் குறிப்பையும் எழுத்துமூலம் கேட்டு வாங்கி, போனிலும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பணத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வயது வரம்பு தடையில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். தனியார் பாலிசி வாங்கும்போது தழும்பை மறைக்கக் கூடாது. மறைத்தது பின்னால் தெரிந்தால் க்ளைம் போய்விடும். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 3 ஆண்டுகள். பிறவி இதய நோயையே நிரந்தரமாக விலக்கும் வரி பாலிசியில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் படித்துப் பார்க்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாமலேயே ‘பிறவிக் குறைபாடு’ என்று ஒற்றை வரியில் க்ளைமை நிராகரித்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் இதயம் இடம்பெறவில்லை. நாலு படி ஏறினால் நீலம் பாரிக்கிற இளைஞனுக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது என்பது இன்றுவரை தீராத குறை.

போகிற இடத்திலெல்லாம் வாய் திறந்து சொல்ல வேண்டியவையும் உண்டு. செயற்கை வால்வு உள்ளவர்களும் நீலம் பாரிக்கிறவர்களும் பல் பிடுங்குமுன் ஆன்டிபயாடிக் தேவை என்று பல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஈறிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி இதயத்தில் தங்கிவிடும். நீலம் பாரிக்கிறவருக்கு ட்ரிப்ஸ் ஏற்றும்போது ட்யூபில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்க்கும்படி நர்ஸிடம் சொல்ல வேண்டும், அது நேரே மூளைக்குப் போகக்கூடும். குழந்தைப் பருவத்தில் கைக்குப் போகும் ரத்தக்குழாயை வெட்டி நுரையீரலோடு இணைத்தவர்கள், பி.பி. பார்க்க மற்றக் கையை நீட்ட வேண்டும். ரத்தக்குழாய் வெட்டப்பட்ட கையில் பார்த்தால் பி.பி. குறைத்துத்தான் காட்டும்.