உள்ளத்தோடு ஒரு கணக்கு

கடை அடைக்கும் வேளையில் கல்லாவை எண்ணிப் பாராத வணிகர் உண்டா? வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கடனாய்ப் போனது எவ்வளவு என்று பார்த்த பிறகே அவருக்கு உறக்கம் வரும். காசுக்குக் காட்டும் இந்தக் கவனத்தை, போனால் திரும்பி வராத ஆயுளுக்கு நாம் காட்டுகிறோமா? காலையில் இல்லத்தாரிடம் வீசிய கடுஞ்சொல், நண்பகலில் பேசிய புறம், மாலையில் தவறவிட்ட ஜமாஅத் எதுவுமே நம் ஏட்டில் ஏறுவதில்லை. நாம் எழுதாவிட்டாலும், எழுதும் வானவர்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்!

தன்னைத் தான் ஆள விரும்புவோர்க்கு முதல் தேவை, இக்கணக்கைப் பார்ப்பதற்கான தனிமை. அத்தனிமை எத்தகையது என்பதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வே நமக்கு விளக்குகிறது.

பக்தாதை விட்டுப் புறப்பட்டவர்

1058-இல் தூஸ் நகரில் பிறந்த இமாம் அவர்கள், 1091-இல் பக்தாதின் நிஜாமிய்யாக் கலாசாலையில் தலைமைப் பேராசிரியரானார்கள். அப்போது அவர்களுக்கு வயது முப்பத்து மூன்றுதான். 300 மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டனர். அமைச்சர்களும் அறிஞர்களும் அவர்களை மதித்துப் போற்றினர். ஆயினும், இத்தனை உழைப்பும் அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்ற கேள்வி அவர்களின் நெஞ்சைக் குடைந்தது.

ஹிஜ்ரி 488 (1095) ரஜப் மாதத்திலிருந்து ஏறத்தாழ ஆறு மாதங்கள் இந்தப் போராட்டம் நீடித்தது. இன்று புறப்படத் துணிவார்கள். மறுநாள் மனம் பின்வாங்கும். இறுதியில் பாடம் சொல்ல நா எழவில்லை; உணவு தொண்டையில் இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் இருக்கிறது என்று மருத்துவர்கள் கைவிரித்தனர். பிள்ளைகளுக்குத் தேவையானதை மட்டும் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்துவிட்டு இமாம் அவர்கள் சிரியா நோக்கிப் புறப்பட்டார்கள்.

திமிஷ்கின் உமையாப் பள்ளிவாசல் மினாராவில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு பகல் முழுவதும் தியானத்தில் இருப்பார்கள். பின்னர் பைத்துல் முகத்தஸ், அதன்பின் ஹஜ்ஜுப் பயணம். நாளடைவில் பிள்ளைகளின் நினைவு அவர்களை ஊருக்கு அழைத்தது. குடும்பக் கவலையும் பிழைப்பின் தேவையும் தம் தனிமையைக் கலைத்தன என்றும், தெளிந்த நிலை இடையிடையேதான் வாய்த்தது என்றும், ஆயினும் தாம் முயற்சியைக் கைவிடவில்லை என்றும் தம் வரலாற்று நூலில் இமாம் ஒளிக்காமல் எழுதுகிறார்கள். பிள்ளைகளோடும் அடுப்படியோடும் போராடும் நம் தாய்மார்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறென்ன வேண்டும்?

பதினோர் ஆண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 499-இல், நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்த வந்தார்கள். பணி பழைய பணிதான்; நோக்கம் மாறியிருந்தது. முன்பு பதவியைப் பெற்றுத் தரும் கல்வியைக் கற்பித்தவர்கள், இப்போது பதவி மோகத்தை விடச் செய்யும் கல்வியைக் கற்பித்தார்கள்.

கிரேக்கத்துத் தாழ்வாரம்

தன்னடக்கத்தைப் பற்றிச் சிந்தித்தோர் பிற சமுதாயங்களிலும் இருந்தனர். ஏதென்ஸ் நகரத் தூண் தாழ்வாரம் ஒன்றில் ஜீனோ என்பார் தொடங்கிய தத்துவப் பள்ளியினரை ஸ்டோயிக்குகள் என்பர். தாழ்வாரத்தைக் குறிக்கும் ‘ரிவாக்’ என்ற சொல்லால் அரபியர் அவர்களை ‘ரிவாக்கிய்யூன்’ என்றழைத்தனர். அவர்களுள் ஒருவரான எபிக்டெட்டஸ் ரோமாபுரியில் அடிமையாக இருந்தவர். நம் வசத்தில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்தறிவதே அவர் தந்த முதற்பாடம். செனெக்கா என்பவரோ, இரவில் விளக்கை அகற்றியபின் அன்றைய சொல்லையும் செயலையும் தாமே விசாரித்துப் பார்க்கும் வழக்கமுடையவர்.

ஒன்பதாம் நூற்றாண்டின் அரபுத் தத்துவஞானி அல்கிந்தி, துயரத்தைப் போக்கும் உபாயம் பற்றி ஒரு சிறு நூல் இயற்றினார். இடையில் ஒரு கரையில் நின்ற கப்பலிலிருந்து இறங்கிய பயணிகளின் உவமை அதில் வருகிறது. வேலை முடிந்ததும் திரும்பியவர்களுக்கு விசாலமான இடம் கிடைத்தது. பூவும் கல்லும் பொறுக்கித் தாமதித்தவர்களோ நெருக்கடியில் சிக்கினர். பூக்கள் வாடின, கற்கள் சுமையாயின. இதே கருத்து எபிக்டெட்டஸின் போதனையிலும் சுருக்கமாகக் காணப்படுகிறது.

எனினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. ஸ்டோயிக்குகள் தம் அறிவையே பெரிதும் சார்ந்திருந்தனர். முஃமினோ தன் வசத்தில் இல்லாததை அல்லாஹ்விடம் ஒப்படைக்கிறார், அதுவே தவக்குல். நம் மார்க்கம் நெஞ்சைக் கல்லாக்கச் சொல்லவில்லை. மகனார் இப்ராஹீம் மறைந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்ணீர் சிந்தினார்கள். ஆனால் இறைவன் பொருந்தாத சொல்லெதையும் மொழியவில்லை.

ஆறு படிகள்

‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் இமாம் கஸ்ஸாலி அவர்கள் நஃப்ஸை ஒரு வணிகக் கூட்டாளியாக உருவகித்து, ஆறு படிகளை வகுக்கிறார்கள். காலையில் அதனிடம் நிபந்தனை பேசுவது முஷாரதா. பகலில் கண்காணிப்பது முராகபா. இரவில் கணக்குக் கேட்பது முஹாஸபா. நட்டம் நேர்ந்தால் அபராதம் விதிப்பது முஆகபா. சோம்பலை எதிர்த்துக் கூடுதலாக உழைப்பது முஜாஹதா. தன்னைத் தானே கண்டித்துக்கொள்வது முஆதபா.

அபராதம் என்றதும் உடலை வருத்துவதென்று எண்ண வேண்டாம். அஸர் ஜமாஅத் தவறியதற்காக உமர் (ரலி) அவர்கள் ஒரு நிலத்தையே தர்மம் செய்ததாக இமாம் எடுத்துக்காட்டுகிறார்கள். புறம் பேசிய நாளில் நாம் ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம். கோபத்தில் ஏசியிருந்தால், ஏசப்பட்டவர் நம் பிள்ளையே ஆயினும் மன்னிப்புக் கேட்கலாம்.

வீட்டிற்குள் ஒரு மூலை

இதற்காக மினாராவில் ஏற வேண்டியதில்லை. இஷாவுக்குப் பின் கைப்பேசியை மற்றோர் அறையில் வைத்துவிட்டுக் கால் மணி நேரம் முஸல்லாவில் அமர்ந்தால் போதும். இன்று என் நாவு யாரைப் புண்படுத்தியது? கோபத்தை எங்கே விழுங்கினேன், எங்கே கக்கினேன்? என் வசத்தில் இல்லாத எதற்காக ஏங்கினேன்? இம்மூன்றையும் கேட்டு, தவ்பாச் செய்துவிட்டு உறங்கலாம். ஆண்டுக்கொரு முறை ரமளானின் கடைசிப் பத்தில் இஃதிகாஃப் இருக்க இயன்றவர் இருக்கலாம்.

தனிமையின் பயன் தனிமையில் தெரியாது. மனிதரிடையே திரும்பும்போதுதான் தெரியும். கால் மணி நேரம் அமர்ந்து எழுந்தவர் மறுநாள் காலையில் மனைவியிடமும் பணியாளரிடமும் முன்னிலும் கனிவாகப் பேசவில்லையெனில், அவர் கணக்குப் பார்க்கவில்லை. சும்மா அமர்ந்திருந்தார் என்றே பொருள். ஹிரா குகையிலிருந்து இறங்கிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வந்தடைந்ததும் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் இல்லத்தையே அல்லவா!

மறுமையின் கணக்கு வருமுன் நம் கணக்கை நாமே நேர்செய்துகொள்ள வல்ல அல்லாஹ் நமக்கும் நம் குடும்பத்தார்க்கும் தவ்ஃபீக் அளிப்பானாக! ஆமீன்.