திட்டு வாங்கக் காசு கொடுக்கும் ஓட்டல்



சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சாப்பிட்டால் உங்கள் வீட்டில் என்ன ஆகும்? எங்க வீட்டில் ஒண்ணும் ஆகாது. ஏன்னா எங்க வீட்டில் சாப்பாட்டு மேசையே கிடையாது. ஆனால் தட்டில் பீன்ஸை ஓரம் கட்டினால் கட்டாயம் ஏதாவது ஆகும்! "அதை யாரு சாப்பிடுவா? பக்கத்து வீட்டுக்காரங்களா?" என்று அம்மா ஆரம்பித்துவிடுவார்.

இதே திட்டை வாங்குவதற்காக முன்பதிவு செய்து, வரிசையில் நின்று, காசும் கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்றால் நம்புவீர்களா? நானும் முதலில் நம்பவில்லை. அமெரிக்காவில் இருக்கும் எங்க சித்தப்பா 2024-ல் குடும்பத்தோடு அங்கே போய்விட்டு வந்து சொன்ன பிறகுதான் நம்பினேன். அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். இந்த மாதம் ஆசிரியர் குழு ஒரு முழு சார்ட் பேப்பரையும் எனக்கே கொடுத்திருப்பதால், படித்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன்.

அந்த இடம் புளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் உள்ள தீம் பார்க்குகளில் ஒன்றின் பெயர் ஹாலிவுட் ஸ்டூடியோஸ். அது 1989-ல் வேறு பெயரில் திறக்கப்பட்டு, 2008-ல் இந்தப் பெயருக்கு மாறியது. அதற்குள்ளே 'ஃபிஃப்டீஸ் பிரைம் டைம் கஃபே' என்று ஒரு ஓட்டல். உள்ளே போனால் ஓட்டல் மாதிரியே இருக்காதாம். 1950-களில் அமெரிக்க வீட்டுச் சமையலறை எப்படி இருந்ததோ அப்படியே பிரித்துப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். மேசைக்குப் பக்கத்தில் சின்ன கறுப்பு வெள்ளை டிவி. அதில் அந்தக் காலத்துத் தொடர்களின் துண்டுக் காட்சிகள் ஓடிக்கொண்டே இருக்கும். சாப்பாடும் அவர்கள் ஊர் வீட்டுச் சாப்பாடுதான். பொரித்த கோழி, கொத்துக்கறியை ரொட்டி மாதிரி சுட்டு எடுக்கும் மீட்லோஃப், கூடவே வேகவைத்த காய். நிலக்கடலை வெண்ணெயும் ஜாமும் போட்டு அடித்த மில்க் ஷேக் அங்கே ரொம்பப் பிரபலம்.

ஆனால் கூட்டம் வருவது கோழிக்காக மட்டும் இல்லை. அங்கே பரிமாறுகிறவர்கள் சர்வர் கிடையாது. அவர்கள் உங்கள் அம்மா, அத்தை, மாமா, ஒண்ணுவிட்ட அண்ணன்! நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளை. உங்களுக்கு அறுபது வயசானாலும் பிள்ளைதான். "கை கழுவினியா?" என்று கேட்பார்கள். முழங்கையை மேசையில் வைத்தால் "எடு கையை" என்பார்கள். காயை மிச்சம் வைத்தால் விடமாட்டார்கள். சிலரை மூலையில் போய் நிற்கச் சொல்வதும் உண்டாம். ஒரு கம்பெனி மேனேஜர் ஓட்டல் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள்!

எங்க சித்தப்பா பச்சை பீன்ஸை அப்படியே வைத்திருக்கிறார். பரிமாறிய அம்மா வந்து, இடுப்பில் கை வைத்து ஒரு பார்வை பார்த்து, முள்கரண்டியில் ஒரு பீன்ஸைக் குத்தி, "ஏரோப்ளேன் வருது, வாயைத் திற" என்று ஊட்டியே விட்டாராம். நாம நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவோம், அவங்க ஏரோப்ளேன். சித்தப்பாவுக்கு அந்த அம்மாவை விட ஒரு பத்து வயசாவது கூட இருக்கும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? டிஸ்னி பார்க்குகளின் பேச்சு வழக்கிலேயே அதற்கு விடை இருக்கிறது. வால்ட் டிஸ்னி சினிமாக்காரர். கலிபோர்னியாவில் 1955 ஜூலை 17-ஆம் தேதி அவருடைய முதல் பார்க்கான டிஸ்னிலேண்ட் திறந்தது. அங்கே வேலைக்காரர் என்ற சொல்லே கிடையாது. டிக்கெட் கிழிப்பவர், குப்பை கூட்டுபவர், சமைப்பவர் எல்லாருமே 'காஸ்ட் மெம்பர்', அதாவது நடிகர் குழுவில் ஒருவர். போடுகிற உடுப்பு யூனிஃபார்ம் இல்லை, 'காஸ்ட்யூம்'. மக்கள் நடமாடுகிற இடம் 'ஆன் ஸ்டேஜ்'. அவர்கள் கண்ணில் படாத இடம் 'பேக் ஸ்டேஜ்'. வருகிறவர் வாடிக்கையாளர் இல்லை, விருந்தாளி. புளோரிடாவில் 1971-ல் திறந்த மேஜிக் கிங்டம் பார்க்கில் இதற்காகவே பார்க்குக்கு அடியில் நடைபாதைகள் கட்டியிருக்கிறார்கள். ஒரு கதையின் வேஷத்தில் இருப்பவர் இன்னொரு கதை நடக்கிற பகுதி வழியாக நடந்து போய் ஜனங்களைக் குழப்பக் கூடாதாம்!

சரி, எல்லாருமே நடிகர்கள்தான் என்றால் பரிமாறுபவர் மட்டும் ஏன் சும்மா 'குட் ஈவினிங்' சொல்லிக்கொண்டு நிற்கணும்? அவருக்கும் ஒரு வேஷம் கிடைத்தது.

ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த அம்மா நிஜ அம்மா இல்லை, டிவி அம்மா. 1950-ல் அமெரிக்காவில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில்கூட முழுசாக டிவி இல்லை. 1960-க்குள் பத்தில் எட்டு வீட்டுக்கு மேல் வந்துவிட்டது. அந்தப் பத்து வருஷத்தில் 'ஐ லவ் லூசி', 'லீவ் இட் டு பீவர்' மாதிரித் தொடர்கள் வீடு வீடாக நுழைந்தன. அவற்றில் பலவற்றில் அம்மா என்றால் எப்போதும் வீட்டிலேயே இருப்பவர். ஆனால் 1950-லேயே அந்த நாட்டில் பெண்களில் மூன்றில் ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கறுப்பினக் குடும்பங்களை அந்தத் தொடர்களில் பார்ப்பதே அபூர்வம். ஆக, இந்த ஓட்டலில் எல்லாரும் 'ஆகா, எங்க பழைய வீடு மாதிரியே இருக்கே' என்று சந்தோஷப்படுவது பல பேருக்கு இருந்திராத ஒரு வீட்டைப் பார்த்துத்தான். இது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவும் கொஞ்சம் என்னமோ மாதிரியும் இருந்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். திட்டினால் கோபம்தானே வரணும்? சிரிப்பு எப்படி வருது?

கீத் ஜான்ஸ்டன் என்று ஒரு நாடக ஆசிரியர். எழுதி வைக்காமல், மேடையில் அப்போதைக்கப்போது பேசி நடிப்பதைச் சொல்லிக்கொடுத்தவர். அவர் 1979-ல் வெளியிட்ட 'இம்ப்ரோ' என்ற புத்தகத்தில் முதலாளி-வேலைக்காரன் விளையாட்டு பற்றி எழுதியிருக்கிறார். ரெண்டு பேர் பேசினால் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. ஏற்றப் பலகை மாதிரி இவர் ஏறினால் அவர் இறங்குவார். அது மாறுகிற அந்த நொடியைப் பார்க்கத்தான் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்கிறார். நம்ம தமிழ் சினிமாவில் முதலாளியை வேலைக்காரர் கலாய்க்கிற காமெடிக்கு எவ்வளவு கைத்தட்டல்! அதே சமாச்சாரம்தான். ஓட்டலில் உட்கார்ந்திருப்பவர் மேலே, தட்டு தூக்குபவர் கீழே என்பதுதான் உலக வழக்கம். இங்கே பலகை தலைகீழாகிறது. ஆனால் கடைசியில் பில் வரும்போது பலகை திரும்பவும் பழைய இடத்துக்கே வந்துவிடும் என்பது ரெண்டு பேருக்குமே தெரியும். அதனால்தான் கீழே இறங்க யாரும் பயப்படுவதில்லை.

இதே அமெரிக்காவில் 'டிக்ஸ் லாஸ்ட் ரிசார்ட்' என்றும் ஒரு ஓட்டல் உண்டு. அங்கே வருகிறவரைக் கேலி செய்து ஒரு வரி எழுதிய காகிதத் தொப்பியைத் தலையில் மாட்டிவிடுவார்கள். அது மரியாதை இல்லாமல் பேசுவதையே விற்கிற கடை. எனக்கு அது பிடிக்கவில்லை. பிரைம் டைம் கஃபேயில் திட்டுவது உங்களை இல்லை. உங்கள் முழங்கையை, உங்கள் பீன்ஸை!

இதைச் செய்வது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். சித்தப்பாவின் மகளுக்கு ஏழு வயசு. அந்த 'அம்மா' சத்தமாகப் பேசிக்கொண்டு வந்ததும் பயந்துபோய் சித்தி முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அந்த 'அம்மா' ஒரு நொடிதான் பார்த்தாராம். உடனே குரலைக் குறைத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "உங்க அப்பாவை நாம ரெண்டு பேரும் சேர்ந்து திட்டலாமா?" என்று காதில் கேட்டாராம். அதற்கப்புறம் அந்த மேசையில் திட்டு முழுக்கச் சித்தப்பாவுக்கு மட்டும்தான். தங்கச்சி போட்டுக்கொடுக்கிற வேலையை நன்றாகவே பார்த்திருக்கிறாள். "அப்பா தண்ணி சிந்திட்டார்!" "அப்பா கை கழுவல!" என்று ஒரே புகார். பீன்ஸ் ஊட்டப்பட்டதும் அவள் புகாரினால்தான் என்று சித்தி சொல்கிறார்.

அந்த ஒரு நொடியைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். கையில் சூடான தட்டு, மனசில் நாலு மேசையின் ஆர்டர், வாயில் வசனம். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெண்ணின் முகத்தைப் படிக்க வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட், விமானப் பணிப்பெண்கள் எப்போதும் சிரித்த முகமாக இருக்க எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று ஆராய்ந்து 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார். கையால் செய்வது, மூளையால் செய்வது போல, உணர்ச்சியைக் காட்டுவதும் அடக்குவதும் ஓர் உழைப்புதான் என்று அவர் அதற்கு ஒரு பெயரே வைத்தார். தமிழில் 'உணர்ச்சி உழைப்பு' என்று சொல்லலாம். இந்த ஓட்டல்காரர்கள் சிரிப்பதோடு போகாமல், கோபமாக இருப்பதாகவும் நடிக்கணும். அதுவும் பொய்க் கோபம் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிகிற மாதிரி!

சம்பளமும் பாதி அந்தத் திறமையில்தான் நிற்கிறது. புளோரிடாவில் டிப்ஸ் வாங்குகிற வேலை என்றால், குறைந்தபட்சக் கூலியில் மணிக்கு 3 டாலர் 2 சென்ட் வரை குறைத்துக் கொடுக்கலாம் என்று சட்டம். 2025 செப்டம்பர் 30 முதல் மற்றவர்களுக்கு மணிக்கு 14 டாலர், டிப்ஸ் வேலைக்காரர்களுக்கு 10 டாலர் 98 சென்ட். மீதியை டிப்ஸ் சரிக்கட்ட வேண்டும். யாரைத் திட்டுகிறாரோ அவர் மனசு வைத்தால்தான் கையில் காசு.

இனி என் கதை.

இதையெல்லாம் கேட்ட உற்சாகத்தில், எங்கள் ஆண்டு விழா உணவுக் கடையில் (சுண்டல், எலுமிச்சைச் சாதம், மோர்) நாங்களும் இப்படிச் செய்தோம். நான்தான் அம்மா. புடவை, கையில் கரண்டி. முதல் ஒரு மணி நேரம் பிரமாதம்! கணக்கு சாரையே "மோரைச் சிந்தாம குடி" என்று அதட்டினேன். அவர் எழுந்து நின்று "சரிம்மா" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் ஆறாம் வகுப்புத் தம்பி ஒருவன் வந்தான். ஹாஸ்டல் பையன். எலுமிச்சைச் சாதத்தில் இருந்த மிளகாயையும் கறிவேப்பிலையையும் கீழே போட்டான். நான் கரண்டியை ஆட்டிக்கொண்டு, "இப்படித்தான் வளர்த்தாங்களா உங்கம்மா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தான். அப்புறம் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அவனுக்கு அம்மா இல்லை என்று அவன் கூட வந்த பையன்தான் சொன்னான்.

அன்று ராத்திரி சித்தப்பாவுக்குப் போன் போட்டு, அந்த ஓட்டல் அம்மா என்னவெல்லாம் சொன்னார் என்று மறுபடி ஒவ்வொன்றாகக் கேட்டேன். முழங்கை. கை கழுவுவது. பீன்ஸ். சிந்திய தண்ணீர். "உங்கம்மா எப்படி வளர்த்தாங்க" என்று ஒரு தடவையாவது கேட்டாரா சித்தப்பா என்றேன். "அது எப்படிடா கேட்பாங்க? அவங்கதானே அங்க அம்மா!" என்றார்.

அதுதான் நான் கோட்டைவிட்ட இடம். நான் வேஷம் போட்டுக்கொண்டு, வேஷத்துக்கு வெளியே இருந்த ஒருவரை இழுத்துவிட்டேன். அந்தப் பையன் உட்கார்ந்தபோதே ஒரு நொடி முகத்தைப் பார்த்திருந்தால் அந்த அளவுக்குப் போயிருக்க மாட்டேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது சிரிக்கிற கூட்டத்தை. 1950-களின் டிவி அம்மா பற்றி மேலே 'என்னமோ மாதிரி இருந்தது' என்று எழுதினேனே, அது இதனால்தான்.

மறுநாள் ஹாஸ்டலுக்குப் போனேன். அவன் கேரம் ஆடிக்கொண்டிருந்தான். "ஸாரிடா தம்பி" என்றேன். "பரவாயில்லக்கா, மிளகாய் காரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்ட்ரைக்கரைச் சுண்டினான். நான் ரெண்டு ஆட்டம் அங்கேயே நின்று பார்த்தேன். ரெண்டிலும் அவன்தான் ஜெயித்தான்.

அடுத்த ஆண்டு விழாவுக்கும் கடை போடலாம் என்று எங்கள் வகுப்பில் பேச்சு நடக்கிறது. போட்டால் டோக்கன் ரெண்டு விதமாக அடிப்பது என்று முடிவு. திட்டோடு ஒன்று, திட்டு இல்லாமல் ஒன்று. விலை ஒண்ணுதான். கணக்கு சார் இப்போதே முதல் டோக்கனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

— பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு