பெரிய நாயைத் தத்தெடுக்க ஆசையா? முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள்

இன்ஸ்டகிராமில் ஒரு படம். காப்பகத்தில் ஒரு கோல்டன் ரிட்ரீவர். வீடு தேடுகிறதாம். "பாவம், கூட்டிட்டு வந்துடலாமா?" என்று தோன்றுகிறதா?

கொஞ்சம் பொறுங்கள். அந்த நாய் ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்துவிட்டது. இரண்டாவது வீட்டையும் அது இழக்கக்கூடாது. அதனால் முதலில் இவற்றை யோசியுங்கள்.

வீவக வீட்டில் வளர்க்கலாமா?

ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான். அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்கவேண்டும். கோல்டன் ரிட்ரீவர், லாப்ரடோர், ஹஸ்கி எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு:

- 'புரோஜெக்ட் அடோர்' திட்டத்தின்கீழ் உள்ளூர்க் கலப்பின நாய்கள். 2020இலிருந்து எடை வரம்பு இல்லை. தோள்வரை உயரம் 55 சென்டிமீட்டருக்குள் இருந்தால் போதும்.
- பணி ஓய்வுபெற்ற மோப்ப நாய்கள்.

தரைவீடு, கொண்டோ என்றால் பிரச்சினை இல்லையா?

பெரிய நாய் வளர்க்கலாம். ஆனால் வாடகை வீடென்றால் உரிமையாளரிடமும், கொண்டோ என்றால் நிர்வாகத்திடமும் கேட்டுவிடுங்கள். ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவற்றுக்கு வெளியிடங்களில் கழுத்துவாருடன் வாய்க்கவசமும் கட்டாயம்.

10 ஆண்டு கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

பலர் மறந்துவிடும் கேள்வி இதுதான். பெரிய நாய்கள் பொதுவாக 10 முதல் 12 ஆண்டு வாழும். இப்போது அம்மா அப்பாவோடு தரைவீட்டில் இருக்கிறீர்கள். சரி. திருமணமாகி பிடிஓ வீட்டுச் சாவி கையில் கிடைக்கும்போது, அந்த லாப்ரடோரை அங்கே கூட்டிப்போக முடியாது. அப்போது அதை யார் பார்த்துக்கொள்வார்? அம்மா அப்பாவிடம் இன்றே பேசுங்கள்.

தினசரி வாழ்க்கைக்கு ஒத்துவருமா?

- வெயில் ஏறுமுன் ஒரு நடை, இறங்கியபின் ஒரு நடை. மழை, தேர்வு என்று லீவு கிடையாது.
- 30 கிலோ நாய் திடீரென இழுத்தால் பாட்டியால் சமாளிக்க முடியுமா?
- வழுக்கும் டைல்ஸ் தரை பெரிய நாய்களின் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. பாய் விரியுங்கள்.

செலவு?

உரிமம் எடுப்பது கட்டாயம். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி. செய்யாவிட்டால் 90 வெள்ளி. அது சின்னச் செலவுதான். சாப்பாடு, இதயப்புழு தடுப்பு மருந்து, மயக்க மருந்து எல்லாமே எடைக்கு ஏற்ப ஏறும்.

வந்த முதல் நாள்களில்?

நாய் சாப்பிடாமல் மூலையில் ஒளிந்துகொள்ளலாம். அதற்கு உங்களைப் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, பயம்தான். 3 நாளில் பதற்றம் குறையும், 3 வாரத்தில் பழக்கவழக்கம் பிடிபடும், 3 மாதத்தில் 'இது என் வீடு' என்று உணரும் என்பார்கள் பயிற்றுநர்கள். அதுவரை வாசற்கதவைத் திறக்கும்போது கவனம். மிரண்ட நாய் ஓடிவிடும்.

இப்போது முடியாது என்று தோன்றினால்?

அதில் தப்பில்லை. வார இறுதியில் காப்பகத்துக்குத் தொண்டூழியராகப் போய் நாய்களோடு நடக்கலாம். உங்களுக்குப் பிடித்த அந்த கோல்டனுக்குப் பொருத்தமான வீடு வைத்திருக்கும் நண்பரிடம் அதைப் பற்றிச் சொல்லலாம். அதுவும் உதவிதான்.