ஃப்ரோஸன் மார்கரிட்டா மெஷினுக்கு பேட்டன்ட் கிடைத்திருக்குமா? ஒரு ஐஸ் பான இயந்திரம் சொல்லும் காப்புரிமைப் பாடம்

வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு பழைய சாஃப்டி ஐஸ்கிரீம் மெஷின் இருக்கிறது. ஆனால் அதற்கு அந்த இடம் கிடைத்தது ஐஸ்கிரீமுக்காக இல்லை. உலகின் முதல் ஃப்ரோஸன் மார்கரிட்டா மெஷின் என்பதற்காக 2005-ல் அருங்காட்சியகம் அதைப் பெற்றுக்கொண்டது.

அதை உருவாக்கியவர் டல்லஸ் நகரத்தைச் சேர்ந்த உணவகக்காரர் மரியானோ மார்ட்டினெஸ். இன்று உலகம் முழுக்க பார்களில் சுழன்றுகொண்டிருக்கும் இப்படிப்பட்ட மெஷின்களுக்கு அதுதான் முன்னோடி. ஆனால் அவரிடம் அதற்கான காப்புரிமை, அதாவது பேட்டன்ட், கிடையாது. மற்றவர்கள் அதே மாதிரி மெஷின்களைச் செய்து விற்றபோது அவரால் தடுக்க முடியவில்லை.

ஒருவேளை அவர் விண்ணப்பித்திருந்தால்? காப்புரிமை ஆய்வாளர் அந்த மெஷினை எப்படிப் பார்த்திருப்பார்? இதற்குப் பதில் தேடினால், பேட்டன்ட் பரிசோதனை எப்படி நடக்கிறது என்பது முழுசாகப் புரிந்துவிடும்.

என்னதான் கண்டுபிடித்தார்?

1971, மே மாதம். டல்லஸில் மார்ட்டினெஸ் புதிதாக ஓர் உணவகம் திறந்திருந்தார். டெக்கீலா, எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சு லிக்கர் சேர்ந்த மார்கரிட்டாவை ஐஸோடு மிக்ஸரில் அடித்துக் கொடுப்பது அங்கே ஸ்பெஷல். கூட்டம் அள்ளியது. பிரச்சினையும் அதுதான். ஒவ்வொரு கிளாஸுக்கும் தனித்தனியாக எலுமிச்சை பிழிந்து, ஐஸ் போட்டு அடிக்க வேண்டும். பார் ஊழியர் களைத்துப்போனார். ஒரு கிளாஸ் மாதிரி இன்னொரு கிளாஸ் ருசியாக இல்லை.

அப்போதுதான் செவன் இலெவன் கடையில் இருந்த 'ஸ்லர்ப்பி' மெஷின் அவர் கண்ணில் பட்டது. குழாயைத் திருகினால் பாதி உறைந்த குளிர்பானம் வரும். 'இதையே மார்கரிட்டாவுக்குச் செய்தால் என்ன?' என்று யோசித்தார். ஸ்லர்ப்பி மெஷின் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனால் சாஃப்டி ஐஸ்கிரீம் மெஷின் ஒன்றை வாங்கி, நண்பர் ஒருவரோடு சேர்ந்து மாற்றியமைத்தார்.

கேட்க ஈஸியாக இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு சிக்கல் உண்டு.

ஆல்கஹால் உறையாதே!

தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். சுத்தமான எத்தனால் உறைய மைனஸ் 114 டிகிரி வேண்டும். 40 சதவீத ஆல்கஹால் உள்ள டெக்கீலா பாட்டிலை வீட்டு ஃப்ரீசரில் வைத்தாலும் அது திரவமாகவே இருக்கும். அதனால் 'மதுவை மெஷினில் உறைய வைக்க முடியாது' என்பதுதான் அன்றைய பொதுவான எண்ணம்.

விடை சர்க்கரையில் இருந்தது. குச்சி ஐஸை உறிஞ்சும்போது கவனித்திருப்பீர்கள். இனிப்பும் நிறமும் வாய்க்குள் வந்துவிடும், குச்சியில் வெறும் வெள்ளை ஐஸ் மிஞ்சும். சர்க்கரைத் தண்ணீர் உறையும்போது தண்ணீர் மட்டும் படிகமாகப் பிரியும், அடர்த்தியான இனிப்புச் சாறு இடையில் திரவமாக நிற்கும். ஐஸ் பானங்களின் ரகசியமே இந்த இரட்டை நிலைதான். மெஷினின் குளிர்ந்த உருளைச் சுவரில் படியும் ஐஸைச் சுழலும் கத்தி சுரண்டிக்கொண்டே இருக்கும். சர்க்கரை குறைந்தால் எல்லாம் கட்டியாகி கத்தியே சிக்கிக்கொள்ளும். ஆல்கஹால் கூடினால் உறையவே உறையாது.

கரைசலில் சர்க்கரை எவ்வளவு என்பதை 'பிரிக்ஸ்' என்ற அளவால் சொல்வார்கள். 100 கிராம் கரைசலில் 1 கிராம் சர்க்கரை இருந்தால் அது 1 பிரிக்ஸ். தண்ணீர், சர்க்கரை, ஆல்கஹால் மூன்றும் சரியாகச் சேரும் விகிதத்தை மார்ட்டினெஸ் பலமுறை முயன்று கண்டுபிடித்தார். உண்மையான கண்டுபிடிப்பு இரும்பிலா, அந்த விகிதத்திலா என்பதுதான் இனி நாம் பார்க்கப்போகும் கேள்வி.

ஆய்வாளர் என்ன பார்ப்பார்?

'நல்ல ஐடியா' என்பதற்காக யாரும் காப்புரிமை தரமாட்டார்கள். பெரும்பாலான நாடுகளில் மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும்.

ஒன்று, புதுமை. இது இதற்கு முன் உலகில் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது.

இரண்டு, கண்டுபிடிப்புத் திறன். அந்தத் துறை தெரிந்த சாதாரண டெக்னீஷியனுக்கு 'இது யாருக்கும் தோன்றுவதுதானே' என்று பட்டால் போச்சு.

மூன்று, தொழில்துறைப் பயன்பாடு. நடைமுறையில் செய்து பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். இதில் நம்ம மெஷின் சுலபமாகப் பாஸ்.

ஆய்வாளர் மெஷினை நேரில் ஓட்டி, ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்து முடிவு செய்வதில்லை. விண்ணப்பத்தின் கடைசியில் வரும் 'உரிமைக்கோரல்கள்' என்ற பகுதிதான் அவருக்கு முக்கியம். வீட்டுப் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதுவது போல, 'இதுவரைக்கும் என்னுடையது' என்று அங்கே வார்த்தைகளால் வேலி போட வேண்டும். அந்த வேலிக்குள் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று ஆய்வாளர் பழைய காப்புரிமைகள், இதழ்கள், புத்தகங்களில் தேடுவார்.

மார்ட்டினெஸ் மூன்று விதமாக வேலி போட்டிருக்கலாம்.

முதல் கோரல்: 'ஃப்ரோஸன் மார்கரிட்டா என்ற பானம்.' உடனே நிராகரிப்பு. ஐஸோடு அடித்த மார்கரிட்டா அவருக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது.

இரண்டாவது கோரல்: 'குளிரூட்டப்பட்ட உருளை, சுரண்டும் கத்தி, குழாய் கொண்ட இயந்திரம்.' இதுவும் கஷ்டம். சாஃப்டி மெஷினில் இவை எல்லாமே உண்டு. போதாக்குறைக்கு ஸ்லர்ப்பி வேறு. கான்சாஸ் மாநிலத்தில் கடை நடத்திய ஓமர் நெட்லிக், பாதி உறைந்த சோடா தரும் மெஷினை உருவாக்கி 1960-களின் தொடக்கத்திலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். அதிலிருந்து வந்ததுதான் 'ஐஸீ', அதைத் தொடர்ந்து 'ஸ்லர்ப்பி'.

மூன்றாவது கோரல்: 'இத்தனை முதல் இத்தனை பிரிக்ஸ், இத்தனை சதவீத ஆல்கஹால் கொண்ட கலவையை இந்த வகை மெஷினில் உறைய வைக்கும் முறை.' வேலி சின்னது. ஆனால் உள்ளே வேறு யாரும் இல்லை. வாதாட இடம் இருப்பது இங்கேதான்.

இரண்டு தீர்ப்புகள், இரண்டு பதில்கள்

மார்ட்டினெஸுக்கு எதிராக ஆய்வாளர் கையில் அன்று ஒரு வலுவான தீர்ப்பு இருந்தது. சாலை போடும் இயந்திரத்தோடு தார் சூடாக்கும் பர்னரை ஒரே வண்டியில் இணைத்ததற்கான காப்புரிமை செல்லாது என்று 1969-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டும் சேர்ந்து ஓடினாலும் ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத்தான் செய்கிறது, சேர்த்தது வசதி, கண்டுபிடிப்பு இல்லை என்பது வாதம். 'ஐஸ்கிரீம் மெஷினில் மார்கரிட்டா ஊற்றினார், அவ்வளவுதானே?' என்று ஆய்வாளர் கேட்டிருக்கலாம்.

ஆனால் மறுபக்கத்திலும் ஒரு தீர்ப்பு உண்டு. ஆடம்ஸ் என்பவர் தண்ணீர் ஊற்றினால் வேலை செய்யும் பேட்டரி ஒன்றை உருவாக்கினார். அதன் பாகங்கள் தனித்தனியாகத் தெரிந்தவைதான். ஆனால் இது வேலை செய்யும் என்று நிபுணர்களே நம்பவில்லை. பிறகு அமெரிக்க ராணுவமே அதைப் பயன்படுத்தியது. 1966-ல் உச்ச நீதிமன்றம் ஆடம்ஸ் பக்கம் நின்றது. 'முடியாது' என்று துறையே நினைத்த ஒன்றைச் செய்துகாட்டினால், அதை எல்லோருக்கும் தோன்றக்கூடியது என்று தள்ள முடியாது.

'ஆல்கஹால் உறையாது' என்ற அன்றைய பொதுப்புத்தி மார்ட்டினெஸுக்கு இந்த இடத்தில்தான் கைகொடுத்திருக்கும். அவர் எதிர்கொண்ட சந்தேகமே அவருடைய சிறந்த சாட்சி. மெஷினுக்கு இல்லாவிட்டாலும், முறைக்காவது ஒரு குறுகலான காப்புரிமை கிடைக்க வாய்ப்பு இருந்தது.

காலண்டரும் ஓர் ஆய்வாளர்தான்

இதில் இன்னொரு கண்டிஷன் இருக்கிறது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, ஒரு கண்டுபிடிப்பைப் பொதுவெளியில் பயன்படுத்திய அல்லது விற்பனைக்கு வைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உணவகத்தில் மெஷின் ஓட ஆரம்பித்த நாளே கடிகாரமும் ஓட ஆரம்பித்துவிட்டது. ஓராண்டு தாண்டினால் எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பானாலும் கதவு மூடிவிடும். மெஷின் ஹிட்டாகி, ஊரே அதைப் பற்றிப் பேசி, போட்டியாளர்கள் வந்த பிறகு வக்கீலைத் தேடினால் லேட்.

இந்தியாவில் எப்படி?

நம்ம ஊர் விதி இதைவிடக் கறார். அமெரிக்கா போல எல்லோருக்குமான ஓராண்டு சலுகை இந்தியாவில் இல்லை. மத்திய அரசு அறிவித்த கண்காட்சி, கற்றறிந்தோர் சங்கத்தில் வாசித்த ஆய்வுக் கட்டுரை போன்ற சில விதிவிலக்குகளுக்கு மட்டும் 12 மாத அவகாசம் உண்டு. மற்றபடி, முதலில் ஸ்டால் போட்டு, ரீல்ஸ் வெளியிட்டு, வாடிக்கையாளர் கருத்து கேட்டு, அப்புறம் ஃபைல் பண்ணலாம் என்று நினைத்தால், உங்கள் ரீல்ஸையே ஆய்வாளர் உங்களுக்கு எதிரான ஆதாரமாகக் காட்ட முடியும்.

1970 காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(f)-ம் கவனிக்க வேண்டியது. தெரிந்த சாதனங்களை, ஒவ்வொன்றும் பழையபடியே தனித்தனியாக இயங்கும் வகையில் சும்மா சேர்த்து வைத்தால் அது கண்டுபிடிப்பே ஆகாது. அமெரிக்க சாலை இயந்திரத் தீர்ப்பின் அதே தர்க்கம்.

நடைமுறை இதுதான். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம். தனிநபர், ஸ்டார்ட்-அப், சிறு நிறுவனங்களுக்கு ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாயில் தொடங்குகிறது. எல்லாம் தயாராக இல்லையென்றால் முதலில் தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்து தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரம் தரலாம். பொதுவாக 18 மாதம் கழித்து விண்ணப்பம் வெளியிடப்படும்.

பலர் கோட்டை விடும் இடம் அடுத்தது. விண்ணப்பித்துவிட்டால் பரிசோதனை தானாக நடக்காது. அதற்குத் தனியாகக் கோரிக்கை வைத்து, குறைந்தது 4,000 ரூபாய் கட்ட வேண்டும். 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தப்படி இதற்கான கெடு 48 மாதத்திலிருந்து 31 மாதமாகக் குறைந்துவிட்டது. தவறவிட்டால் விண்ணப்பம் வாபஸ் பெறப்பட்டதாகக் கருதப்படும்.

பிறகு முதல் பரிசோதனை அறிக்கை வரும். அதில் ஆட்சேபங்கள் நிறைய இருக்கும், பயப்பட வேண்டாம். அது ரிஜெக்‌ஷன் லெட்டர் இல்லை, பேச்சுவார்த்தையின் தொடக்கம். ஆறு மாதத்துக்குள் பதில் சொல்லலாம், வேலியைச் சுருக்கலாம், ஏன் இது யாருக்கும் சுலபமாகத் தோன்றாது என்று வாதாடலாம். வென்றால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் உரிமை.

மார்ட்டினெஸ் தன் உணவகத் தொழிலில் நன்றாகவே ஜெயித்தார். காப்புரிமை இல்லாததால் அவர் வீழ்ந்துவிடவில்லை. ஆனால் அவருடைய ஐடியாவில் மற்றவர்கள் சம்பாதித்ததில் அவருக்குப் பங்கு எதுவும் வரவில்லை. புதிதாக ஒன்றைச் செய்துவிட்டு, 'இது முடியாதுன்னு சொன்னாங்க, நான் முடிச்சுட்டேன்' என்று போஸ்ட் போடத் துடிக்கிறீர்களா? அந்த வாக்கியத்தை முதலில் விண்ணப்பத்தில் எழுதுங்கள். போஸ்ட் மறுநாள் போட்டுக்கொள்ளலாம்.