காசிப் பயணமும் இரண்டரை நாழிகையும்

மயிலாப்பூரில் மாடவீதியை ஒட்டிய சிறு தெருவில் அந்தக் குடும்பம் வசிக்கிறது. எழுபத்தெட்டு வயதுத் தாயார், மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேத்தி என நால்வர். குடும்பத் தலைவராக இருந்த பெரியவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மார்கழித் தேய்பிறை தசமி அவருடைய திதி. ஒருமுறையேனும் அந்தத் திதியைக் காசியில் கங்கைக் கரையில் கொடுக்க வேண்டும் என்பது தாயாரின் நெடுநாள் வேண்டுதல்.

கடந்த ஆண்டு அதற்கான ஏற்பாடுகள் எல்லாம் நிறைவாகவே நடந்தன. அனுமான் காட் படித்துறைக்கு அருகில் தங்குமிடம், தமிழ் பேசும் வாத்தியார், திதிக்கு முதல் நாள் அதிகாலை 5.30 மணிக்குச் சென்னையிலிருந்து புறப்படும் விமானம். அலுவல் நிமித்தம் அடிக்கடி விமானத்தில் பறக்கும் மகன், "மூன்றரை மணிக்குக் கிளம்பினால் போதும் அம்மா, அந்த நேரத்தில் சாலையில் ஈ காக்காய் இருக்காது" என்று சொல்லியிருந்தார். சாலையைப் பற்றி அவர் சொன்னது உண்மையே. மயிலாப்பூரிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 15 கிலோமீட்டர். அந்த நேரத்தில் அரைமணியில் கடந்துவிடலாம். ஆனால், அவர் எண்ணியது கையில் ஒரே ஒரு பையுடன் செல்லும் தம்முடைய நடையை. மூட்டுவலியுடன் மாடிப்படி இறங்கும் தாயாரின் நடை அந்தக் கணக்கில் இல்லை. காது கேட்கும் கருவியை மேசைமேல் வைத்து மறந்ததும், அதை எடுக்கத் தெருமுனையிலிருந்து திரும்பியதும், மூன்று பெரிய பெட்டிகளை வண்டியில் ஏற்றி இறக்கியதும் அதில் இல்லை. விமான நிலைய வாயிலில் அடையாள அட்டை பார்க்கும் வரிசையும் இல்லை.

அவர்கள் கவுண்ட்டர் முன் நின்றபோது மணி 4.38. கவுண்ட்டர் 4.30-க்கு மூடப்பட்டிருந்தது. அன்றைய நாளில் காசிக்கு வேறு விமானத்தில் நால்வருக்கு இடம் கிடைக்கவில்லை. மறுநாள் திதி மயிலாப்பூர் வீட்டிலேயே நடந்தது. சாஸ்திரப்படி அதில் குறையொன்றும் இல்லை என்று குடும்ப வாத்தியார் ஆறுதல் சொன்னார். காகத்துக்குப் பிண்டம் வைத்துவிட்டு உள்ளே வந்த தாயார் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "உங்கப்பாவை அங்கே காக்க வச்சுட்டோமேடா."

இது ஒரு வீட்டில் மட்டும் நடப்பதன்று. காசி, கயை, பிரயாகை, அயோத்தி என்று வடக்கே செல்லும் அன்பர்கள் பலரும் இன்று அதிகாலை விமானத்தையே நாடுகிறார்கள். அன்றே போய்ச் சேர்ந்து மாலை ஆரத்தியைத் தரிசிக்கலாம் என்பது ஒரு காரணம். சில நேரங்களில் கட்டணம் குறைவாக இருப்பது இன்னொன்று. முன்னாளில் காசி யாத்திரை என்பது சத்திரம் சத்திரமாகத் தங்கி, மாதக்கணக்கில் நடந்து செல்லும் பயணம். ராமேசுவரத்தில் சங்கல்பம் செய்துகொண்டு, சேதுவின் மணலை எடுத்துச் சென்று திரிவேணியில் சேர்த்து, கங்கை நீருடன் திரும்பி வந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வார்கள். போனவர் திரும்புவாரா என்ற ஐயமும் அந்நாளில் உடன் நடந்தது. ஆனால், எட்டு நிமிடத் தாமதத்தால் காசியைத் தவறவிட்டவர் அன்று எவரும் இருந்திருக்க முடியாது. இப்போது விமானம் சுமார் இரண்டரை மணி நேரத்தில் சேர்த்துவிடுகிறது; வாசலில் மட்டும் நிமிடக் கணக்கைக் கேட்கிறது.

அந்தக் கணக்கை நம் பழைய அளவையிலேயே பார்க்கலாம். ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி நேரம். உள்நாட்டு விமானங்களில் பெட்டிகளை ஒப்படைக்கும் கவுண்ட்டர், புறப்படும் நேரத்துக்குப் பெரும்பாலும் இந்த இரண்டரை நாழிகைக்கு முன்பே மூடப்படுகிறது. விமானத்துக்குள் அனுமதிக்கும் வாயிலும் ஒரு நாழிகைக்குச் சற்று முன்பாகவே அடைபடுகிறது. சீட்டில் 5.30 என்று இருந்தால் அது விமானம் நகரும் நேரம். நாம் நிறைவேற்ற வேண்டிய நேரம் 4.30. விமான நிறுவனங்கள் இரண்டு மணி நேரம் முன்னதாக, அதாவது ஐந்து நாழிகை முன்னதாக வரச் சொல்வது இதனால்தான்.

இங்கே ஆன்மிக அன்பர்களுக்கே உரிய ஒரு மயக்கமும் உண்டு. பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து பழகியவர்கள், "அதிகாலை எழுவது நமக்குப் புதிதா?" என்று எண்ணிவிடுகிறார்கள். பிரம்ம முகூர்த்தம் என்பது சூரியோதயத்துக்கு நான்கு நாழிகை முன் தொடங்கி, இரண்டு நாழிகை நேரம் நீடிப்பது. மார்கழியில் சென்னையில் சூரியன் ஏறத்தாழ 6.30-க்கு உதிக்கிறது. அப்படியானால் பிரம்ம முகூர்த்தம் சுமார் 4.54-க்குத் தொடங்கும். அந்த நேரத்தில் கண்விழிப்பவருக்கு 5.30 விமானத்தின் கவுண்ட்டர் மூடி நாழிகை ஒன்று ஆகியிருக்கும்!

இன்னொரு மயக்கம் கிழமை பற்றியது. இதனால் பயணத்தையே இழந்தவர்கள் உண்டு. பஞ்சாங்கப்படி நாள் என்பது சூரியோதயம் முதல் மறு சூரியோதயம் வரை. விமானச் சீட்டுக்கு நள்ளிரவு 12 மணி கடந்தாலே மறுநாள். வெள்ளிக்கிழமை 12.40 என்று சீட்டில் கண்டால், வியாழன் இரவு சாப்பாட்டுக்குப் பின்னரே வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். வெள்ளி இரவு கிளம்புபவர் ஒரு நாள் பிந்திச் செல்கிறார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் செல்லும் பெற்றோருக்கு நள்ளிரவு விமானங்களே மிகுதியாக அமைவதால், சீட்டைப் பார்த்தவுடன் நாட்காட்டியில் 'புறப்படும் இரவு' என்று தனியே குறித்துவைப்பது நல்லது.

இராகு காலம் பற்றிக் கவலைப்படுவோருக்கு அதிகாலைப் பயணம் ஒரு வகையில் அனுகூலமானது. வீடுகளில் பார்க்கப்படும் இராகு காலங்களில் மிக முந்தியது திங்கட்கிழமை 7.30 மணிக்குத் தொடங்குவது. எமகண்டத்தில் வியாழன் 6 மணி முந்தியது. இரவு இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ வாசற்படி தாண்டுபவரை இவை எதுவும் தீண்டுவதில்லை. பனியால் விமானம் தாமதித்து எமகண்டத்தில் மேலெழும்பினாலும், வழக்கில் பார்க்கப்படுவது வீட்டை விட்டுக் கிளம்பும் நேரமே. ஆகவே, "நல்ல நேரம் வரட்டும்" என்று கூடத்தில் உட்கார்ந்து காலத்தைக் கடத்த இங்கே காரணமே இல்லை.

மயிலாப்பூர்த் தாயார் ஓராண்டு முழுவதும் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். இந்த மார்கழியில் மீண்டும் திதி நெருங்கியபோது, அவரே ஒரு வழி சொன்னார். அது அவருடைய பாட்டி காலத்து வழி. பரஸ்தானம்.

இளைய தலைமுறையினர் பலர் இந்தச் சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். பயணம் புறப்பட வேண்டிய வேளையும் நல்ல வேளையும் ஒத்துவராவிட்டால், நல்ல வேளையிலேயே மூட்டையையோ குடையையோ வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். சிலர் தாமே அங்கே போய்த் தங்குவார்கள். அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பின்னர் எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. தாயாரின் தங்கை வீடு நங்கநல்லூரில், 32 அடி உயர ஆஞ்சநேயர் எழுந்தருளியிருக்கும் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. அங்கிருந்து விமான நிலையம் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். "புதன்கிழமை மாலையே பரஸ்தானமாகச் சித்தி வீட்டுக்குப் போய்விடலாம்" என்றார் தாயார். மகன் மறுபேச்சுப் பேசவில்லை.

நல்ல நேரத்துக்காக முன்னோர் வைத்த ஏற்பாடு, முன்கூட்டியே கிளம்புவதற்கான ஏற்பாடாகவும் அமைந்துவிட்டது. விமான நிலையத்துக்கு அருகில் உறவினர் இல்லம் வாய்க்கப்பெற்றவர்கள் இதைப் பின்பற்றலாம். மெட்ரோ ரயில் விமான நிலையத்துக்குள்ளேயே செல்கிறது என்றாலும், அதன் சேவை காலை 5 மணிக்குத்தான் தொடங்குகிறது. விடியற்காலை விமானத்துக்கு அது உதவாது. இரவு வண்டிக்கு முன்பதிவு செய்திருந்தாலும், மாற்று ஏற்பாடு ஒன்று கையில் இருப்பது நலம். ஓட்டுநர் இரண்டு மணிக்குத் தொலைபேசியை எடுக்காமல் போனால், அந்த நேரத்தில் யாரை எழுப்புவது?

பெட்டி கட்டுவதிலும் நேரம் ஒளிந்திருக்கிறது. பூஜைப் பொருள்களோடு கற்பூரமும் தீப்பெட்டியும் உள்ளே போய்விடுவது நம் இல்லங்களில் இயல்பு. இரண்டும் எளிதில் தீப்பற்றுபவை, விமானத்தில் அனுமதியில்லை. உலர்ந்த கொப்பரைத் தேங்காய்க்கும் அதன் எண்ணெய்ப்பசை காரணமாகத் தடை உண்டு. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், ஒப்படைக்கும் பெட்டியில் இருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று ஊடுகதிர்ச் சோதனையில் தென்பட்டாலும், பெயர் சொல்லி அழைத்துப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். அரைமணி நேரம் அங்கேயே கரைந்துவிடும். சபரிமலை செல்வோரின் இருமுடித் தேங்காய்க்கு 2024-25 மண்டல, மகரவிளக்குக் காலத்தில் தனித் தளர்வு அளிக்கப்பட்டது. அதற்கும் கூடுதல் சோதனைகள் இருந்தன. காசியில் கற்பூரத்துக்குப் பஞ்சமில்லை. அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமெனில் 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவைக்க வேண்டும். சீட்டிலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒத்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். நம்மவர்களின் தலைப்பெழுத்து இந்த இடத்தில் படுத்தும் பாடு சொல்லி மாளாது. சென்னையில் உள்நாட்டுப் பயணத்துக்கே ஒன்றுக்கு மேற்பட்ட முனையங்கள் உள்ளன; எந்த முனையம் என்பதை முதல் நாளே உறுதி செய்துகொள்ளாவிட்டால், மூட்டுவலிக்காரர் ஒருவர் பெட்டிகளுடன் இடம் மாற நேரும்.

மார்கழிப் பனி வேறு இருக்கிறது. காசியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனியால் விமானங்கள் தாமதிப்பது வழக்கம். சென்னையிலும் 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து விமானங்களை முடக்கின. அதற்காக, "எப்படியும் தாமதமாகத்தான் போகும்" என்று வீட்டிலேயே இருந்துவிடலாகாது. பெரும்பாலும் கவுண்ட்டர் சீட்டிலுள்ள நேரத்தைப் பார்த்தே மூடப்படும். திதி, கும்பாபிஷேகம் போன்று நாள் மாற்ற இயலாத காரியமாயின், முடிந்தவரை இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேர்வதே பாதுகாப்பு. இந்தக் குடும்பத்துக்கு விடுப்பு அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு மயிலாப்பூர் வீட்டில் சுவாமி விளக்கை மலையேற்றிவிட்டு, எரிவாயுவை மூடி, சாவியை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். நங்கநல்லூரில் ஆஞ்சநேயர் தரிசனம், எட்டு மணிக்குள் இட்லி, ஒன்பதுக்குப் படுக்கை. இரவு ஒன்றரை மணிக்கு எல்லோருக்கும் முன்பாக எழுந்தவர் தாயார்தான். இரண்டே முக்காலுக்குக் கிளம்பும்போது தங்கை வியாழன் என்று நினைத்து வாரசூலையைப் பற்றிக் கவலையின்றி இருந்தார். தாயாரோ, "விமானக்காரனுக்கு வியாழன்; பஞ்சாங்கத்துக்கு இன்னும் விடியலை, புதன்தான். வடக்கே சூலம். ஆளுக்கு ஒரு வாய் பால் கொடு" என்றார். காது கேட்கும் கருவி மாட்டியாகிவிட்டதா என்று பேத்தி பார்த்துக்கொண்டாள்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வாயிலில் அடையாள அட்டையைக் காட்டினார்கள். சக்கர நாற்காலி வர கால்மணி ஆயிற்று. அதற்கும் நேரம் இருந்தது. பெட்டிகள் தடையின்றிச் சென்றன. நான்கு மணிக்கெல்லாம் பாதுகாப்புச் சோதனையும் முடிந்துவிட்டது. அழைப்பு வரும்வரை தாயார் ஜபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு கண்களை மூடி அமர்ந்திருந்தார். அனுஷ்டானங்களைப் போய்ச் சேர்ந்தபின் செய்துகொள்ளலாம் என்பது மகனிடம் முன்பே பேசி முடித்த விஷயம். விமானம் மேலெழும்பி ஒரு மணி நேரம் சென்றபின், வலப்பக்கச் சன்னல் வழியே சூரியன் தெரிந்தது. அமர்ந்தபடியே கை கூப்பினார்.

காசியின்மேல் பனி விலக விமானம் சிறிது நேரம் வட்டமிட்டது. நண்பகலுக்குள் அனுமான் காட் வந்து சேர்ந்துவிட்டார்கள். மறுநாள் தசமி. வாத்தியார் ஒன்பது மணிக்குப் படித்துறைக்கு வரச் சொல்லியிருந்தார். எட்டரை மணிக்கே, நனைந்த வேட்டியுடன் மகனும், படியில் ஒரு பாயின்மேல் தாயாரும் அவருக்காகக் காத்திருந்தார்கள்.