வீட்டினுள் சாக்கடை

மழைக்காலம் வந்துவிட்டால் சென்னைவாசிகள் முதலில் ஆகாயத்தைப் பார்க்கிறார்கள். பிறகு ஸ்நான அறையின் மூலையிலுள்ள ஜலதாரைத் துவாரத்தைப் பார்க்கிறார்கள். 2015-ம் வருஷம் டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோதும், 2023-ம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும், தெருப்பக்கமாக நுழைந்த வெள்ளத்தோடு சாக்கடையும் கலந்து பல வீடுகளில் முழங்காலளவு நின்றது. புயலும் வெள்ளமும் இல்லாத வருஷங்களிலுங்கூட, குழாய் அடைத்துக்கொண்டோ, செப்டிக் தொட்டி நிரம்பி வழிந்தோ, இந்த வேண்டாத விருந்தாளி எவர் வீட்டிற்கும் வரக்கூடும்.

வந்தபின் நாம் செய்வதென்ன? துடைப்பத்தால் தள்ளுகிறோம், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறோம், பினாயில் தெளித்து ஊதுவத்தி ஏற்றுகிறோம். நாற்றம் போயிற்றென்றால் காரியம் முடிந்ததென்று எண்ணிவிடுகிறோம். இவ்வெண்ணம் பிசகானதென்பதையே இன்று நாம் எடுத்துக்காட்ட விரும்புகிறோம். சாக்கடை விஷயத்தில் மூக்கைப் போலப் பொய்ச்சாட்சி சொல்லும் இந்திரியம் வேறில்லை.

இந்தப் பிசகு நம்மவருக்கு மட்டும் உரியதன்று. 19-ம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் நகரத்துச் சுகாதார அதிகாரிகளும் நாற்றமே வியாதிக்கு மூலம் என்று நம்பியிருந்தார்கள். வீட்டு மலக்குழிகளின் துர்நாற்றத்தை ஒழிக்க வேண்டி, அவற்றிலிருந்ததைச் சாக்கடை வழியே தேம்ஸ் நதியில் தள்ளச் செய்தார்கள். அந்த நதி ஜலத்தையே ஜனங்களில் பலர் குடித்து வந்தார்கள். பிறகு 1854-ம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில், பிராட் தெருவில் காலரா தோன்றிச் சில வாரங்களில் 600-க்கு மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போயிற்று. ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் வீடு வீடாக விசாரித்து, மாண்டவர்களில் பெரும்பாலோர் அத்தெருவிலிருந்த ஒரு பம்புக் கிணற்றின் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று கண்டறிந்தார். அந்தத் தண்ணீரோ ருசிக்குப் பேர்போனது. தூரத்தில் ஹாம்ஸ்டெட்டில் குடியிருந்த ஒரு விதவை மாது அதன் ருசியை விரும்பி வண்டியில் தருவித்துக் குடித்து, அதனாலேயே மாண்டார். பின்னர் தோண்டிப் பார்த்தபொழுது, 40-ம் எண்ணுள்ள வீட்டின் மலக்குழி சிதைந்து கசிந்துகொண்டிருந்தது. கிணற்றுக்கும் அதற்கும் மூன்றடி தூரங்கூட இல்லை. அவ்வீட்டில் பேதி கண்டு இறந்துபோன கைக்குழந்தையின் துணிகளை அலசிய ஜலத்தைத் தாய் அந்தக் குழியிலேதான் கொட்டியிருந்தாள்.

ஒரு வீட்டுக் கசிவினால் ஒரு பேட்டையே அழிந்த இக்கதையை ஏதோ பழங்கதையென்று தள்ளுவதற்கில்லை. சென்னை வீடுகளில் தரைக்கடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, 'சம்ப்' என்கிறார்கள். இடநெருக்கடியினால், செப்டிக் தொட்டியோ சாக்கடைக் குழியோ அதற்குச் சில அடி தூரத்திலேயே அமைந்துவிடுகிறது. சாக்கடை முற்றத்தில் நின்றால் சம்பின் மூடி அதைத் தடுக்குமா? தடுக்காது. சிறிது கலந்த ஜலம் கண்ணுக்குத் தெளிவாயிருக்கும். மூக்குக்கும் ஒன்றும் தெரியாது. ஆகையால் வெள்ளம் மூடியைத் தொட்டிருந்தால், சம்பு கெட்டுவிட்டதென்றே வைத்துக்கொள்ள வேண்டும். மோட்டாரைப் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றலாகாது. ஜலத்தை முழுதும் இறைத்து, சுவர்களைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்துவிட்டு ஓர் இரவு வைத்திருந்து, அதையும் வெளியேற்றிய பின்னரே புதுத் தண்ணீர் விடலாம். தண்ணீரைச் சோதித்து நல்லதென்று அறியும்வரை, குடிப்பதையும் பல் துலக்குவதையும் கொதித்தாறிய நீரிலேயே செய்துகொள்ள வேண்டும்.

குளோரின் இருக்கிறதே என்று நிம்மதியாயிருப்பவர்களுக்கு டில்லியின் அனுபவத்தை நினைவூட்டுகிறோம். 1955-ம் வருஷக் கடைசியில் யமுனையிலிருந்து குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை ஜலம் புகுந்தது. அதிகாரிகள் குளோரினை அதிகமாக்கினார்கள். காலராவும் டைபாய்டும் பரவவில்லை. ஆனால் சில வாரங்களில் ஏறக்குறைய 29,000 பேருக்கு மஞ்சட்காமாலை கண்டது. அது ஹெபடைடிஸ் ஈ என்னும் வைரஸின் வேலை என்று பிற்காலத்துச் சோதனைகளில் தெரிந்தது. இந்தக் காமாலை நிறைகர்ப்பிணிகளுக்கு யமன். அவர்களில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேர்வரை இறப்பதுண்டு என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. வீட்டில் சாக்கடை புகுந்தால் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் முதலில் வேறிடம் அனுப்ப வேண்டுமென்பது இதனாலேதான்.

இனி, தரையைச் சுத்தம் செய்யும் விதம். ஈரத்தில் கால் வைக்குமுன் மின்சார மெயினை நிறுத்த வேண்டும். மெயினுக்குப் போகும் வழியே ஜலமாயிருந்தால் அதைத் தாமே தொடாமல் மின்சார வாரியத்தாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். வெறுங்காலோடு இறங்குவது நம் பழக்கம். அதை விட்டொழிக்க வேண்டும். எலியின் மூத்திரத்தால் வரும் எலிஜுரம், காலிலுள்ள சிறு கீறல் வழியே உடம்பில் ஏறிவிடும். ரப்பர் பூட்ஸும் கையுறையும் வாங்கும் செலவு ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காணாது. முதலில் கசடை வழித்தெடுக்க வேண்டும். பிறகு சோப்புநீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் பின்னரே மருந்து. அழுக்கின்மேல் தெளித்த குளோரின் அழுக்கோடு சண்டையிட்டுத் தீர்ந்துபோகும், கிருமிகளுக்கு மிஞ்சாது. லிட்டருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரைத் தரையில் விட்டு அரைமணி நேரம் ஊறவிடுவது போதுமானது. நாக்குப்பூச்சியின் முட்டைகள் இதற்கும் சாவதில்லை. ஆகவேதான் தேய்த்துக் கழுவுவதை நாம் முதலில் சொன்னோம். பினாயிலோ, சும்மா தெளித்த மாத்திரத்தில், நாற்றத்தை மறைப்பதைத் தவிர அதிகம் செய்வதில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரோடு கக்கூஸ் கழுவும் ஆசிடைச் சேர்க்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்களைக் கொன்ற அதே வாயு. நனைந்த பஞ்சுமெத்தையையும் திறந்திருந்த உணவுப் பொருள்களையும் லோபம் பாராமல் எறிந்துவிட வேண்டும். பின்னர் எவருக்கேனும் ஜுரம் கண்டால், சாக்கடை ஜலத்தில் நின்ற செய்தியை வைத்தியரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். அவராக ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடலாகாது.

இவ்வளவையும் யார் செய்வது? "ஆளைக் கூப்பிடு" என்பதே நம் வீடுகளில் எழும் முதல் குரல். 1901-ம் வருஷம் கல்கத்தா காங்கிரஸில், கக்கூஸ்களின் நிலைமையை காந்தியடிகள் தொண்டர்களுக்குச் சுட்டிக்காட்டியபொழுது, "அது தோட்டி வேலை" என்ற பதிலே கிடைத்தது. அவர் ஒரு துடைப்பம் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். நூற்றிருபது வருஷங்களுக்கு மேலாகியும் அந்தத் தொண்டர்களின் பதிலை நாம் மறந்தபாடில்லை. தம் வீட்டுத் தரையைத் தாமே கழுவுவதில் எவருக்கும் இழுக்கில்லை.

ஆனால் தொட்டிக்குள் இறங்குவது வேறு விஷயம். அதில் எவரும் இறங்கலாகாது, எவரையும் இறக்கலாகாது. மூக்கின் துரோகம் முழுமையடைவது அங்கேதான். தேங்கிய மலத்திலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவில் அழுகிய முட்டைபோல் நாறும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டினால் மோப்ப சக்தியையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் தணிந்ததென்று நினைக்கிற அந்த நிமிஷமே அபாயம் உச்சத்திலிருக்கலாம். இன்னும் மிகுந்தால் இரண்டொரு மூச்சில் ஆள் விழுவான். செப்டிக் தொட்டியிலும் சாக்கடையிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ம் வருஷச் சட்டம் தடுத்திருக்கிறது. முதற் குற்றத்திற்கே இரண்டு வருஷம்வரை சிறையோ, இரண்டு லக்ஷம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். மாண்டவர் குடும்பத்திற்குப் பத்து லக்ஷம் என்று 2014-ல் விதித்த சுப்ரீம் கோர்ட், 2023-ல் அதை முப்பது லக்ஷமாக உயர்த்தியது. இவ்வளவிற்குப் பின்னும், ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஓர் ஏழையைக் கயிறுகூட இல்லாமல் இறக்கும் கனவான்கள் இருக்கிறார்கள். சட்டம் தெரியாதென்று இவர்கள் சொல்வதை நாம் நம்பவில்லை.

உறிஞ்சும் வண்டியை வரவழைத்து வெளியிலிருந்தே தொட்டியைக் காலி செய்விக்க வேண்டும். மூடியைத் திறந்தவுடன் எவரும் குனிந்து பார்க்கலாகாது. பீடியோ தீக்குச்சியோ பக்கத்தில் கூடாது, ஏனெனில் உள்ளிருக்கும் மீதேன் பற்றி எரியக்கூடியது. தப்பித்தவறி ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால், அவரைத் தூக்கவென்று மற்றொருவர் குதித்து இருவரும் மாண்ட செய்திகளைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறோம். மேலே நின்றபடியே கயிற்றை வீச வேண்டும். 101-க்குக் கூப்பிட்டு, தீயணைப்புப் படையார் சுவாசக் கருவியோடு வரும்வரை அங்கிருப்பவர்களைப் பிடித்து நிறுத்த வேண்டும்.