காவலாளி எப்போது காவல்துறை ஆகிறார்?

மருத்துவமனை வாயிலில் சீருடை அணிந்த தனியார் காவலாளி பையைத் திறந்து காட்டச் சொல்லும்போது, இவருக்குப் போலீசின் அதிகாரம் உண்டா என்ற ஐயம் உடன் வருவோருக்கு எழுவது இயல்பே. அமெரிக்க நீதிமன்றங்கள் இக்கேள்வியை நூறாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றன. அவற்றுள் முக்கியமான ஒரு வழக்கு, மருத்துவமனையிலேயே பிறந்தது.

நியாயமற்ற சோதனையிலிருந்து மக்களைக் காக்கும் அந்நாட்டு அரசமைப்பின் 4ஆம் திருத்தம் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும். ஒருவரது மேசையையும் பெட்டகத்தையும் தனியார் உடைத்து எடுத்த தாள்களை அரசு சான்றாகப் பயன்படுத்தலாம் என 1921இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்பதற்குக் கசப்பான தீர்ப்புதான். பறிகொடுத்தவர், பறித்தவர்மீது தனியே வழக்குத் தொடரலாம், அவ்வளவே.

ஆயினும் தனியாரின் கை எப்போதும் தனியாரின் கையாகவே இருப்பதில்லை. மேரிலாந்தின் க்ளென் எக்கோ கேளிக்கைப் பூங்காவில் பணியாற்றிய தனியார் காவலாளி, துணை ஷெரிஃப் பதவியும் பெற்றிருந்தார். கறுப்பினத்தவருக்கு அனுமதி மறுத்த அப்பூங்காவில் 1960இல் அவர் செய்த கைதுகள் அரசின் செயலே என்று 1964இல் முடிவாயிற்று. அத்தகைய பதவி இல்லாதவரும், போலீஸ் கேட்டுக்கொண்டதற்கிணங்கச் சோதித்தால் அதன் கருவியாகக் கொள்ளப்படுவார். தம் நிறுவனத்தின் பாதுகாப்புக்காகவே பையைப் பார்ப்பவர் அவ்வாறு கொள்ளப்படுவதில்லை.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகர அரசு மருத்துவமனையில் நடந்தது இன்னும் நுட்பமானது. கருவுற்ற பெண்கள் சிலரின் சிறுநீரில் கொக்கெயின் உள்ளதா என்று மருத்துவமனையார் சோதித்து, முடிவுகளைப் போலீசுக்கு அளித்தனர். கைதான பெண்களில் பத்துப் பேர் வழக்குத் தொடுத்தனர். தாயையும் சேயையும் போதையிலிருந்து மீட்பதே நோக்கம் என்றது எதிர்த்தரப்பு. இறுதி நோக்கம் அதுவாகலாம், உடனடி நோக்கம் குற்றச் சான்று திரட்டுவதே என்று 2001இல் உச்ச நீதிமன்றம் கண்டது, மூவர் மறுத்தனர். சிகிச்சைக்கென அளித்த மாதிரியின் முடிவு, தம் ஒப்புதலின்றி மருத்துவத்துக்கு வெளியே செல்லாது என நோயாளி நம்புவது நியாயமே என்றது அத்தீர்ப்பு.

அங்குச் செவிலியரும் மருத்துவரும் அரசு ஊழியராதலால் 4ஆம் திருத்தம் நேரே பொருந்தியது. தனியார் மருத்துவமனையாயின், போலீசோடு செய்துகொண்ட ஏற்பாட்டை நோயாளியே முதலில் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்.